நாற்பது நிமிஷம்

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணியிருக்கான்! இந்தாங்கம்மா, போலீஸுக்குப் புகார். கையெழுத்துப் போடுங்க."

மேலாளர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு அவள் திரையையே பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து நாலு வாரம்தான் ஆகிறது.

பக்கத்து ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யவில்லை. எவனோ எங்கிருந்தோ நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். பாவம், ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தவர்களெல்லாம் ஸ்ட்ரெச்சரோடு இங்கே வந்துகொண்டிருந்தார்கள்.

இங்கேயும் யாராவது நுழைந்தார்களா என்று தேடப்போய் ஒரு தடம் சிக்கியது. போன ஞாயிறு மத்தியானம், சரியாக நாற்பது நிமிஷம். வந்தது, அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்த 'எலி'. தன் வீட்டு இணைப்பிலிருந்தேதான் வந்திருக்கிறார். மறைக்கக்கூட இல்லை.

சதா மேஜைக்கடியில் ஒயரோடு கிடந்ததால் அந்தப் பேர். இன்னமும் அவர் கட்டின சீட்டுகள் ஒயர்களில் தொங்குகின்றன. 'தயவுசெய்து இழுக்காதீங்க, ரத்த வங்கி நின்னுடும்.'

இப்படி எழுதின மனுஷனா திருட வருவார்? அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"அவரை ஏன் சார் வேலையை விட்டு அனுப்பினீங்க?"

"அடங்காத ஆளும்மா. நம்ம கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு ஃபைல் அனுப்பிக்கிற வழியில ஓட்டையாம். வெளியூர்ல உக்காந்துக்கிட்டே, பாஸ்வேர்டு இல்லாம எவனும் நுழையலாமாம். அதை அடைக்க எல்லாத்தையும் நாப்பது நிமிஷம் நிறுத்தணும்னு தினம் வந்து உயிரை வாங்கினான். வார்டு நிறைய நோயாளிங்க, நிறுத்த முடியுமா? ஒருநாள் எல்லார் முன்னாலயும் கத்தினான். போய்யான்னுட்டேன்."

"நாப்பது நிமிஷமா சார்?"

"ஆமா. அந்த வன்மம்தான்! ஞாயித்துக்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரும் அணைஞ்சு அணைஞ்சு வந்துதே, அவன் கைவரிசைதான். சொல்லுங்க, எதைத் திருடினான்? நோயாளிங்க விவரமா? ரத்த வங்கிப் பட்டியலா?"

அவள் திரையில் இருந்த அந்தத் தடத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். வாசலில் இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. புகாரை இரண்டாக மடித்து அவர் மேஜையிலேயே வைத்தாள்.

"எதையும் தொடல சார். அவர் சொன்ன அதே ஓட்டை வழியாத்தான் வந்திருக்கார்."

"பாத்தீங்களா! நான்தான் சொன்னேனே!"

"வந்து, அதை அடைச்சுட்டுப் போயிருக்கார்."