தாயைக் காட்டுங்க

வேட்டைக்கும் ஆகவேண்டும், வீட்டில் ஆறுமாத மகளின் பக்கத்தில் சாதுவாகப் படுத்தும் கிடக்கவேண்டும். அப்படியொரு லேப்ரடார் குட்டி தேடித்தான் பவுல்தங்கம் தன் மனைவி எஸ்தரோடு மாசானத்தின் நாய்ப்பண்ணைக்கு வந்திருந்தான். வீட்டில் முன்பு வளர்த்த நாய் தன்னைக் கடித்ததிலிருந்து எஸ்தருக்கு நாய் என்றாலே குலைநடுக்கம்.

"தகப்பன் சூரன். எந்தக் குளத்துல பறவை விழுந்தாலும் பாய்ஞ்சு எடுத்துட்டு வந்துருவான்," என்றார் மாசானம்.

"தாயைக் காட்டுங்க அண்ணாச்சி," என்றாள் எஸ்தர்.

அவர் குரல் கொடுத்ததும் கொல்லையிலிருந்து தாய்நாய் வந்தது. நேரே எஸ்தரிடம் வந்து, தலையைத் தாழ்த்தி, மெல்ல வாயைத் திறந்தது. எச்சிலில் நனைந்த கோழிக்குஞ்சு ஒன்று தரையில் இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு, கீச்கீச்சென்று ஓடியது.

"இது வயித்துல பொறந்தது எதுனாலும் சரி," என்ற எஸ்தர், தன்னையறியாமல் அதன் ஈர மோவாயை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.