கைதட்டாத அம்மாள்

பார்வையாளர் மாடமே கைதட்டியது. ஒரே ஒரு அம்மாள் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சபையின் மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டிய காவலரே தட்டிக்கொண்டிருந்தார்.

கீழே முழங்கிக்கொண்டிருந்தவர் நீதித்துறை அமைச்சர். "ஏதோ நாலு வார்த்தை சொன்னதுக்காக ஒருத்தரை ஜெயில்ல போடறது நாகரிகமா? இனிமே இந்த நாட்டுல அவதூறு குற்றமே இல்லை. கோர்ட்ல இருக்கிற பழைய வழக்கு எல்லாம் இன்னையோட ரத்து!"

சொல்வது யார், பாருங்கள். நாட்டிலேயே அதிகமாக அவதூறு வழக்கு போட்டவர் அவர்தான். எதிரே யாராவது தும்மினால்கூடத் தன்னைக் கேலி செய்ததாக வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற ரகம்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர்தான், மாடத்தின் முதல் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர். சின்னப் பத்திரிகை. 'யாருக்கும் அஞ்சோம்' என்று தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார். அமைச்சர் திறந்து வைத்த புது நீதிமன்றக் கட்டடம் ஒழுகுகிறது என்று எழுதினார். உடனே வழக்கு. விசாரணையும் அதே கட்டடத்தில்தான் நடந்தது, நீதிபதி பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொண்டு. அப்படியும் இரண்டு வருஷம் சிறை நிச்சயம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

மசோதா நிறைவேறினால் வீடு, இல்லையென்றால் ஜெயில். மனைவி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவரோ வந்ததிலிருந்து கழுத்து பிடித்துக்கொண்டவர் மாதிரி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "மசோதா நேத்து மதியம்தான் எங்க கைக்கே வந்தது. இன்னைக்கே ஓட்டெடுப்பா? அடுத்த வாரம் வெச்சா குடி முழுகிப் போயிடுமா?"

"முழுகிடும்!" அமைச்சரின் குரல் தழுதழுத்தது. "ஒரு அப்பாவி இன்னும் ஒரு வாரம் கூண்டுல நிக்கணுமா? உங்களுக்கெல்லாம் இரக்கமே கிடையாதா?"

"அந்த அப்பாவி யாருன்னு நான் சொல்லட்டுமா?"

சபாநாயகர் மணியடித்தார். "கோர்ட்டில் இருக்கும் விஷயத்தை இங்கே பேசக் கூடாது. உட்காருங்கள்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் உறுப்பினர்.

ஆளுங்கட்சி வரிசை கொதித்து எழுந்தது. சபாநாயகர் கொஞ்சம் யோசித்தார். "ஓநாய் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது. ஆடு இருக்கலாம்."

அமைச்சருக்குக் கோபமே வரவில்லை. மேலே பார்த்துச் சிரித்தார். "அதோ உட்கார்ந்திருக்காரே, என் கட்டடம் ஒழுகுதுன்னு எழுதின தம்பி. அவர் மேல கேஸ் போட்டதே நான்தான். மன்னிச்சிட்டேன். தம்பி, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க!"

மாடம் அதிர்ந்தது. பத்திரிகைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். மனைவிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்து இருக்கை அம்மாள் இன்னும் பிடித்து வைத்த பொம்மை மாதிரி இருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? ஒரு குடும்பமே பிழைச்சிருக்கு. ஒரு தடவை தட்டினா தேஞ்சா போயிடும்?"

"தட்டலாம்மா. மனசு வரல."

"எங்களைப் படாத பாடு படுத்தினவர்தான். நாங்களே மறந்துட்டோம். உங்க மேலயும் கேஸ் போட்டிருந்தாரா?"

"இல்லம்மா. நான்தான் அவர் மேல போட்டிருக்கேன். திங்கக்கிழமை தீர்ப்பு."

மனைவியின் கைகள் நின்றன.

"நான் ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்தேன். இவர் மச்சானை வரிசையில நிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். நான் மருந்து திருடி விக்கிறேன்னு இதே சபையில பேசினார். உள்ள என்ன பேசினாலும் கேஸ் போட முடியாதாம். அன்னைக்கும் இப்படித்தான் தட்டினாங்க. அந்த மிதப்புல வெளிய போய், வாசப்படியில மைக் முன்னாடியும் அதையே சொல்லிட்டார். அங்கதான் மாட்டினார். எனக்கு வேலை போச்சு. தண்டனை வந்தா அவர் பதவியும் போயிடும்னு வக்கீல் சொன்னார். இப்ப வழக்கே போகப்போகுது. திருடிங்கிற பேர் மட்டும் எனக்கு மிச்சம்."

அமைச்சர் யாரை அப்பாவி என்றார் என்பது மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது. கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்தை? பெரிய பத்திரிகைக்காரங்க நோட்டீசுக்குப் பயந்து வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. நீங்க போடுங்க, நாளைக்கே முதல் பக்கத்துல!"

அவர் திரும்பவில்லை. கீழே ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. இன்னும் பலமாகக் கைதட்டினார்.

"அவரைத் தொந்தரவு பண்ணாதேம்மா," என்றார் அந்த அம்மாள். "நேத்து சாயங்காலமே அவர் ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். 'மசோதா நிறைவேறட்டும்க்கா, அப்புறம் தைரியமா எழுதறேன்'னார்."