வரிசையில் பத்தாவது ஆள்

1987 சித்திரை. அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸ் வாசலில் மனுக்காரர்களின் நிழல் அவரவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. விதவைப் பென்ஷனுக்காகப் பரளச்சியிலிருந்து வந்திருக்கும் தங்கச்செல்வி, தன் மனுவைக் கசங்காமல் இரு கைகளிலும் பிடித்திருக்கிறாள். எழுதிக் கொடுத்தவர் பின்னால் நிற்கும் பெரியவர். ஊர்க் கண்மாயின் மடையைச் சரிசெய்யக் கேட்டு அவர் கையிலும் ஒரு மனு. ஒட்டுப்போட்ட குடையை அவள் பக்கம் சாய்த்திருப்பதால் அவருடைய வலது தோள் வெயிலில் காய்கிறது. உள்ளேயிருந்து பியூன் ஓடிவருகிறார். "ராஜகுரு ஐயா! ரெண்டு தடவ எம்.எல்.ஏ.வா இருந்தவுக வெயில்ல நிக்கலாமா? உள்ள வாங்க." தங்கச்செல்விக்குத் திக்கென்கிறது. இவரிடமா சற்றுமுன் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கச் சொன்னோம்? பதறி விலகி வழிவிடுகிறாள். "நீ நில்லு தாயி" என்கிறார் அவர். பியூனிடம், "எனக்கு முன்னாடி ஒம்பது பேரு நிக்கிறாகல்ல தம்பி. எம் முறை வரட்டும்." பியூன் தலையைச் சொறிந்தபடி உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் தாசில்தாரே பேனாவோடு வெளியே வருகிறார். பெரியவரைப் பார்த்துக் கும்பிடுகிறார். பிறகு வரிசையின் முதல் ஆளிடம் போய், வெயிலில் நின்றபடியே மனுவை வாங்கிப் படிக்கிறார். வரிசை அசைகிறது. தங்கச்செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வைக்கிறாள். அவளுக்கு அடுத்து, முன்னாள் எம்.எல்.ஏ.வும் ஓரடி நகர்கிறார்.