துடைக்காத விளிம்பு

சாக்கடை அள்ளும் மாசிலாமணி திடப்படுத்தல் பெற்று நற்கருணை வாங்கும் உரிமை அடைந்த மறுவாரமே, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடித்துவந்த திருவிருந்துக்கு இனி ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. "காலம் மாறிப்போச்சு, சுத்தம் முக்கியம்" என்றார் செயலாளர் தேவசித்தம். கொரோனாவுக்கே வராத சுத்தம்! அவர் மனைவி கிருபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். மாசிலாமணிக்கும் தேவசித்தத்துக்கும் நடுவே ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. பெண்கள் பக்கமிருந்து விறுவிறுவென்று வந்த கிருபாவதி அந்த இடத்தில் முழங்காலிட்டாள்.

"எங்களுக்குப் பழைய வெள்ளிப் பாத்திரத்துலயே குடுங்க ஐயா."

போதகர் செயலாளரைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை எடுத்து, திராட்சரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். மாசிலாமணி குடித்தார். வழக்கம்போல் விளிம்பைத் துடைக்கத் துணியோடு வந்த போதகரின் கையைக் கிருபாவதி பிடித்துக்கொண்டாள்.

"துடைக்காதீங்க."

மாசிலாமணி வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். பாத்திரத்தைத் தன் கையிலேயே வாங்கி, அந்த விளிம்பைக் கணவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"கிறிஸ்துவின் இரத்தம்" என்று போதகர் சொல்லவேண்டியதை அவளே சொன்னாள்.

தேவசித்தம் பதிலுக்குச் சொல்லவேண்டிய ஆமெனுக்காகக் கோயிலே காத்திருந்தது.