சேர்ந்தால்தான் ஒளிரும்

ஆய்வுக்கூடத்தில் கணவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"உக்காருங்களேன்! கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி.

ஒரு புரதத்தின் இரு பாதிகளை ஆளுக்கொன்றாகத் தயாரித்திருந்தார்கள். தனித்தனியாக எந்தப் பாதியும் ஒளிராது. இரண்டையும் கலந்தால், அவற்றின் ஓரங்களில் உள்ள சிறு துண்டுகள் பாதிகளை ஒட்டவைத்துவிட்டுத் தாமே கழன்றுகொள்ளும். முழுப் புரதம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்தால்தான் நாளை கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

"போன தடவை உங்க பாதிதான் சொதப்பிச்சு."

"இந்தத் தடவை தப்பவே தப்பாது," என்றான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவள் நீல விளக்கைப் போட்டாள். அதனடியில் இருந்த சோதனைக் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது.

"பாத்தியா! ரெண்டும் ஒட்டிக்கிச்சு!" என்று குதித்தான்.

அவள் குதிக்கவில்லை. கையிலிருந்த இன்னொரு குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"சரிபாக்கலாம்னு உங்க பாதியை மட்டும்தாங்க விளக்கடியில வெச்சேன். என் பாதி இதோ, இன்னும் கலக்கவே இல்லையே!"