கிளாக்கர் பார்த்த கொலைப் படங்கள்

மாத்தளைக் கடைவீதியில் மிளகு வியாபாரம் செய்யும் ஸெய்னுலாப்தீனுக்குத் தில்லையம்பலத்தின் குரலைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக வேலை பார்க்கும் அந்த மனிதர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, மிளகுச் சாக்கின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறார். தகரக் கூரை ஓட்டையால் விழும் வெயிலில் அவருடைய எண்ணெய்த் தலை மினுங்குகிறது. "கொலைப் படமெண்டால் பிரெஞ்சுக்காரன்ர படம் பாக்கோணும் நாநா. பூட்டின அறைக்குள்ள பணக்கார விதவை செத்துக் கிடக்கிறாள், பியானோ தன்பாட்டில வாசிக்குது! உங்கட தமிழ்ப் படத்தில கொலைகாரன் கன்னத்தில மருவோடயெல்லோ வாறான்." தராசுத் தட்டு ஆடி நிற்கிறது. "சரி ஐயா, விதவைய யாரு கொன்னது?" கிளாக்கர் கனைத்துக்கொள்கிறார். "அதைச் சொன்னால் ருசி கெட்டிடும்." "போன கெழம சொன்னீங்களே, ஜப்பான் படம், அதுல?" "அதுவும் அப்பிடித்தான்." ஸெய்னுலாப்தீன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிளகு சுற்றுவதற்காக அடுக்கி வைத்திருக்கும் பழைய சினிமா நோட்டீஸ்களைப் புரட்டி, ஒன்றை உருவுகிறார். விதவை, பூட்டிய அறை, பியானோ, எல்லாம் அதில் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. கடைசி வரியை மட்டும் உரக்க வாசிக்கிறார்: "கொன்றவர் யார்? மிகுதியை வெள்ளித்திரையில் காண்க." பிறகு அதைச் சுருட்டிக் கூம்பாக்கி, மிளகை நிரப்பி நீட்டுகிறார். "இந்தாங்க கிளாக்கர் ஐயா, நீங்க பாத்த படம்."