எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்

கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் ஃபீன் குழந்தையை மார்பிலிருந்து எடுக்கவில்லை.

மகன் வார்ட், பதினோரு வாரத்துப் பிள்ளை. கண்ணை மூடி, அம்மாவின் கம்பளிச் சட்டையை ஒரு கையால் பற்றியபடி குடித்துக்கொண்டிருந்தான்.

மேசைக்கு எதிர்ப்புறம் ஹில்டே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரின் தாய்சேய் நலத் தாதி. ஸ்கெல்டே ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரில் முப்பது வருடமாகப் பிறந்த பிள்ளைகளை எல்லாம் எடை போட்டவள். ஃபீனையும் அவள்தான் எடை போட்டாள்.

ஊருக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை. சட்டியில் அடிப்பிடிக்காமலும் மழைக்கோட்டில் ஈரம் ஊறாமலும் இருக்கப் பூசுகிற ரசாயனம் அங்கே தயாரானது. அது மக்காது, அழியாது. நாற்பது வருடமாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் கோடையில்தான் ஊருக்குத் தெரிந்தது.

முதலில் கோழிகள் போயின. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வீடுவீடாக வந்து பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். ஃபீனின் ஐந்து கோழிகளும் போயின.

பிறகு விளையாட்டு அரங்கில் ரத்தம் எடுத்தார்கள். ஹில்டேயும் இன்னும் மூன்று தாதிகளும் ஒன்பது நாள் ஊசி குத்தினார்கள்.

இப்போது கடிதங்கள். ரத்தத்தில் அந்த ரசாயனம் எவ்வளவு என்று ஆளுக்கு ஓர் எண். அதற்குக் கீழே, இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் சிவப்பு.

ஃபீனின் எண் கோட்டைப் போல நான்கு மடங்கு இருந்தது.

கடிதத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் தவிக்கக் கூடாது, நேரில் போய்ச் சொல்லுங்கள் என்று சுகாதார நிலையத்தில் உத்தரவு. பால் கொடுக்கும் தாய்மார் ஏழு பேர். அந்த ஏழு வீடும் ஹில்டேயின் பங்கு.

கோழி முட்டை வேண்டாம், தோட்டத்துக் காய் வேண்டாம், கிணற்று நீர் வேண்டாம், வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள். ஃபீன் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சிரிப்பது போல உதட்டைக் கோணினாள்.

"கோழி ஆகாதுன்னு புடிச்சிட்டுப் போயிட்டாங்க. நானும் அதே தோட்டத்துலதானே மேஞ்சேன், ஹில்டே?"

ஹில்டே கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

பிரசவம் ஆன முதல் வாரம் காம்பு வெடித்து, ரத்தம் கசிந்து, இனி என்னால் முடியாது, பால்பொடி வாங்கிவிடுகிறேன் என்று இதே நாற்காலியில் ஃபீன் அழுதாள். இன்னும் இரண்டு நாள் பொறு என்று தினமும் வந்து, பிள்ளையைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுத்து, நிறுத்த விடாமல் செய்தது ஹில்டே. பால் ஊற வேண்டும், தினம் இரண்டு முட்டை சாப்பிடு, கடை முட்டை வேண்டாம், உன் கோழி போட்டதையே சாப்பிடு என்று சொன்னதும் அவள்தான்.

அதை ஃபீன் சொல்லிக்காட்டவில்லை. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா கூடாதா என்று மட்டும் கேட்டாள்.

அதற்கான பதில் ஹில்டேக்கு மனப்பாடம். போன வாரம் நகரத்தில் தாதிகளுக்கென்று நடந்த கூட்டத்தில் பெரிய மருத்துவர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். பாலில் அந்த ரசாயனம் கலந்துதான் வரும், ஆனாலும் இதுவரை தெரிந்த அளவில் தாய்ப்பாலின் நன்மையே பெரிது, யாரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றார். எத்தனை வருடம் ஆராய்ந்து சொல்கிறீர்கள் என்று ஹில்டே எழுந்து கேட்டாள். அவர் நேர்மையான மனிதர். போதுமான வருடம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

"கொடும்மா. நிறுத்தாதே. பாலோட நன்மைதான் பெருசு," என்றாள் ஹில்டே.

தெருவில் எல்லோருக்கும் இதையேதானா சொல்கிறீர்கள் என்று ஃபீன் கேட்டாள்.

ஆமாம் என்றாள் ஹில்டே.

ஃபீன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோள் தளர, பெருமூச்சு விட்டு, பிள்ளையை மறு மார்புக்கு மாற்றினாள்.

காலையிலிருந்து அது ஆறாவது வீடு.

ஏழாவது வீடு ஆற்றுக் கரையை ஒட்டி இருந்தது. ஹில்டே அழைப்புமணியை அடிக்கவில்லை. அந்த வீட்டின் சாவி ஒன்று அவளிடம் உண்டு.

மகள் லோற்றே கூடத்துச் சோபாவில் சாய்ந்திருந்தாள். மார்பு இரண்டும் கல்லாக இறுகி, தொட முடியாத வலி. மூன்று நாளாகப் பால் கொடுக்கவில்லை.

நிறுத்தச் சொன்னது ஹில்டே. தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து, ஆற்றுக்கு அக்கரையில் போய் இரண்டு டப்பா பால்பொடி வாங்கி வந்ததும் அவள்தான்.

வீக்கம் வடிவதற்குக் குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டினாள். தோட்டத்துக் கோஸ் இல்லை, கடையில் வாங்கியது.

மற்றவர்களிடம் என்ன சொன்னாய் என்று லோற்றே கேட்டாள்.

"சொல்லச் சொன்னதச் சொன்னேன்."

லோற்றே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐந்து வாரத்துப் பேத்தி அம்மாவின் வாசனை வந்த பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி அழுதது. பாட்டில் காம்பைத் துப்பியது. ஹில்டே மறுபடி வைத்தாள். மறுபடி துப்பியது. பசி தாங்காமல் கடைசியில் குடித்தது.

அது தூங்கிய பிறகு ஹில்டே சுகாதார நிலையத்துக்குத் தர வேண்டிய படிவத்தைப் பையிலிருந்து எடுத்தாள். லோற்றேயின் பெயருக்கு எதிரே, மற்ற ஆறு பெயர்களுக்கும் எழுதியதையே எழுதினாள்.

'தாய்ப்பால் தொடர்கிறது.'